நாலு பேஸ் குழலும் முடியாத பாட்டும்

பேண்டு செட்டுக்காரனுக்குச் சொந்தமாகச் சந்தோசமும் கிடையாது, துக்கமும் கிடையாது. யார் கூப்பிடுகிறார்களோ அவர்கள் வீட்டுச் சந்தோசத்தையும் துக்கத்தையும் இரவல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற தொழில் இது. குழல் ஊதி உதடு தடித்தவர்கள், மேளம் சுமந்து இடுப்புப் பிடித்தவர்கள், பந்திக்குக் கடைசியாகக் கூப்பிடப்பட்டு வெறும் ரசத்தோடு எழுந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பாதிக் கதை உங்களுக்கும் நடந்ததாகத்தான் இருக்கும். நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுருதிப் பிழை இருக்காது.

மண்டபத்து லாட்டு

எங்கள் ஊர் தொண்டிக்குத் தெற்கே, கடலை ஒட்டின சின்ன ஊர். ஊரில் பாதிப் பேர் வலைக்குப் போவார்கள். வலைக்கும் போய், கூப்பிட்டால் பேண்டுக்கும் போகிறவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர். எங்களுக்குத் தலைவர் மரியான் மாஸ்டர். சின்ன வயதில் மாதா கோயில் சாமியார்மார் நடத்தின மடத்துப் பள்ளியில் கிளாரினெட் படித்தவர். ஒல்லியான ஆள். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். கோபம் வந்தால் பேசமாட்டார், மூக்கை மட்டும் தடவுவார்.

வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டின சமயம், மண்டபத்தில் ராணுவச் சாமான்களை ஏலம் விட்டார்கள். கூடாரம், கட்டில், இரும்புப் பெட்டி, அதோடு பேண்டு வாத்தியமும் உண்டு என்று கேள்வி. இரண்டு கிளாரினெட்டும் ஒரு டிரம்பெட்டும் வாங்கி வருகிறேன் என்று மாஸ்டர் போனார். அங்கே ஒன்று ஒன்றாகக் கொடுக்கவில்லை, லாட்டு லாட்டாகத்தான் கொடுத்தார்கள். நல்ல லாட்டையெல்லாம் மதுரைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் கிடந்தது ஒரே ஒரு சாக்கு மூட்டை. மாஸ்டர் அதில் கையை விட்டு ஒன்றை எடுத்து, லாரி ஓரத்தில் நின்று ஒரே ஒரு சுரம் ஊதிப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், மூட்டையோடு ஊர் வந்து சேர்ந்தார்.

பிரித்தால் உள்ளே நாலு பேஸ் குழல். இங்கிலீஷில் அதற்கு யூபோனியம் என்று பேர். மடியில் வைத்துக் கட்டிப்பிடித்து ஊதவேண்டும். வாய் சோற்றுப்பானை அகலம் இருக்கும். சத்தம் தொண்டையிலிருந்து வராது, வயிற்றிலிருந்து வரும். ஒரு செட்டுக்கு ஒன்று இருந்தாலே அதிகம். எங்களுக்கு நாலு. பெரிய மேளம் அடிக்கிற தொம்மை, மூட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாஸ்டர், கலியாண வீட்டுக்கு இனிமே நாம செட்டா போகல. நாலு எருமைய ஓட்டிக்கிட்டுப் போறோம்."

ஒடுங்கினது என் பங்கு

நாலில் ஒன்று ஒடுங்கிக் கிடந்தது. லாரியில் எதுவோ மேலே விழுந்திருக்கவேண்டும். கழுத்து வளைவில் ஆழமான நசுக்கல். மாஸ்டர் ஒன்றை வைத்துக்கொண்டார், என் மச்சான் லூர்து ஒன்றை எடுத்தான், எங்கள் செட்டு ஈனாசி ஒன்றை எடுத்தான். தாமதமாகப் போனவன் நான், எனக்கு ஒடுங்கினது. ஊதினால் மற்ற மூன்றைவிட அரைச்சுரம் கீழே நிற்கும். ராமநாதபுரத்தில் ஈயம் பூசுகிறவரிடம் கொண்டுபோனேன். "தட்டினா கீறிரும், கொண்டு போயிரு" என்றுவிட்டார்.

எனக்கு அழுகை வராத குறை. மாஸ்டர் மூக்கைத் தடவினார். பிறகு மற்ற மூன்று குழல்களின் இழுப்புக் குழாயையும் வெளியே இழுத்து, என் சுருதிக்கு இறக்கிவிட்டார். கிளாரினெட் அவ்வளவு கீழே வராது. மற்றப் பாட்டுகளுக்கு மட்டும் என்று அதைப் பெட்டிக்குள் வைத்தார்.

அந்தச் சுருதியில் வாசிக்க எங்களிடம் பாட்டே கிடையாது. மாஸ்டர் தானே ஒன்று கட்டினார். மூன்று மாதம். தினமும் சாயங்காலம் தண்ணீர் ஓரமாக, எங்கள் கரையிலிருந்து உப்பளம் வரைக்கும் நடப்பார். வாய்க்குள் முனகிக்கொண்டே போவார், முனகிக்கொண்டே வருவார். எழுதி வைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. கவிழ்த்துப் போட்ட வத்தைப் படகின் மேல் எங்களை வரிசையாக உட்காரவைத்து, அவரவர் பங்கை வாயால் பாடிக் காட்டினார். மூன்று குழல் ஒரே சுரத்தில் நீளமாக நிற்கும், ஒன்று மட்டும் மெல்ல எழுந்து நடக்கும். பிறகு அது போய் நிற்க, இன்னொன்று எழுந்து நடக்கும். கடைசியில் நாலும் சேர்ந்து இறங்கும். ஓட்டமும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. கேட்டால், அடுப்படியில் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தால் வீட்டில் ஒரு நிம்மதி வருமே, அந்த மாதிரி இருக்கும்.

"ஆயுசுல ஒரு தடவ இதை நாலு பேருக்கு முன்னாடி தலையில இருந்து வால் வரைக்கும் வாசிச்சிரணும்" என்றார் மாஸ்டர். வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஈனாசி குழலிலிருந்து எச்சிலை வடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான்: "எல்லாச் செட்டும் ஒசந்தவனுக்குத் தக்கன ஏறும். ஒடுங்கினவனுக்காக மொத்தமா இறங்குன செட்டு நாம ஒண்ணுதாம்லே."

குதிரை

முதல் தடவை வாசித்தது தொண்டிப் பக்கம் ஒரு மரைக்காயர் வீட்டுக் கலியாணத்தில். தேங்காய்ச் சோறும் கறியும் மணக்கிற வீடு. மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம். எப்போதும் வாசிக்கிற ஜிலுஜிலுப் பாட்டு நாலை முடித்துவிட்டு, கடைத்தெரு திரும்பினதும் மாஸ்டர் கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் பேஸைத் தூக்கினார். எங்களுக்குப் புரிந்துவிட்டது.

தார் ரோடு. வெயில். வேகம் பிடிபடவே இல்லை. மாஸ்டர் மெதுவாக எடுத்தார். தொம்மைக்குக் கறி வாசனை வந்தால் கை நிற்காது, அவன் முன்னால் ஓடினான். மாஸ்டர் திரும்பி முறைத்தார், அவன் அடிப்பதையே விட்டுவிட்டான். வெறும் நாலு பேஸ் மட்டும் நின்று முழங்கிக்கொண்டிருந்தது. குதிரை நடையைக் குறைத்தது, பிறகு நின்றது, தலையைத் தொங்கப்போட்டது. குதிரைக்காரன் தட்டினான், அது கண்ணைத் திறக்கவில்லை. பெண்ணுக்குப் பெரியவாப்பா, வெள்ளைத் தாடிக்காரர், குடையைச் சுருக்கிக்கொண்டு வந்தார். கோபிக்கவில்லை. மாஸ்டர் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்: "மாஸ்டரே, மாப்பிள்ளை முழிச்சுத்தான் இருக்காக. குதிரை தூங்கிருச்சு. நிக்காஹ் நேரத்துக்குள்ள அதை எழுப்புற மாதிரி ஒண்ணு வாசிங்க."

அழ விடாத பாட்டு

சரி, கலியாணத்துக்கு ஆகாது, காரியத்துக்கு ஆகும் என்று நாங்களே முடிவு கட்டினோம். அடுத்த மாதமே பக்கத்துக் கரையூரில் ஒரு பெரிய மனுஷி இறந்துபோனார். எட்டுப் பிள்ளை பெற்றவர். வாசலெல்லாம் சொந்தம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.

சவப்பெட்டி வருவதற்கு நேரம் இருந்தது. மாஸ்டர் எங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். இந்த முறை தொம்மையை அடிக்கவே வேண்டாம் என்றுவிட்டோம். லூர்து எழுந்து நடக்கிற இடம் முடிந்து ஈனாசி எழுந்து நடக்கிற இடம் வரும்போது பார்க்கிறேன், அழுகைச் சத்தம் இல்லை. ஒவ்வொருத்தராகக் கையை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்க்கிறார்கள். ஒரு கிழவி தாளத்துக்கு முழங்காலை ஆட்டுகிறாள். சின்னப்பிள்ளை ஒன்று தாய் மடியில் தூங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, கன்னம் இன்னும் உப்பியது. இறந்தவருடைய மூத்த மகள் எழுந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராக மாஸ்டரிடம் வந்தாள். "அண்ணே, நல்லாத்தான் இருக்கு, இல்லைங்கல. ஆனா எங்க ஆத்தாளுக்கு நாங்க இன்னும் அழுது முடிக்கல. நிப்பாட்டுங்க."

கூண்டு வண்டி

ராமநாதபுரத்தில் கூடாரச் சினிமாக் கொட்டகை ஒன்று இருந்தது. படம் மாறினால் இரண்டு பக்கமும் படத்தட்டி கட்டின மாட்டு வண்டியில் எங்களை ஏற்றித் தெருத்தெருவாகச் சுற்றிவிடுவார்கள். வண்டிக்குள் உட்கார்ந்து வாசிப்பதால் நடக்கிற வேலை இல்லை, இங்கே முடித்துவிடலாம் என்று நினைத்தோம். பாதிகூடத் தாண்டியிருக்காது. கொட்டகை மேனேஜர் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்து வண்டிச் சட்டத்தைப் பிடித்தார்: "யோவ், படம் இன்னைக்குச் சாயங்காலம் ஆறரைக்கு. நீங்க ஊதுற ஊதுக்குச் சனம் நாளைக்குத்தான் வந்து சேரும்."

பரமக்குடிக்காரர்

அதற்குப் பிறகு 'எருமைச் செட்டு' என்ற பேர் கரை முழுக்கப் பரவிவிட்டது. கூப்பிடுகிறவர்கள் "அந்தப் பெரிய வாய்களை விட்டுட்டு வாங்க" என்றார்கள். சிலர் கூப்பிடுவதையே நிறுத்தினார்கள். தொம்மை எங்களிடம் ஒளிக்காமல் பேசிவிட்டான். நாலு பேஸையும் கொடுத்துவிட்டு ஒரு டிரம்பெட்டும் ஒரு நல்ல கிளாரினெட்டும் வாங்கினால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் அவன் வேறு செட்டுக்குப் போகிறான். அவன் சொன்னதில் தப்பில்லை. அவனுக்கும் வீட்டில் வாய் இருந்தது.

பரமக்குடியிலிருந்து ஒரு பித்தளைப் பாத்திரக் கடைக்காரர் வந்தார். மாஸ்டர் வீட்டு வாசலில் நாலு குழலையும் வரிசையாக வைத்தோம். அவர் ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். நாங்களும் எத்தனையோ பேருக்கு முன்னால் வாசித்திருக்கிறோம், அவ்வளவு கவனமாக யாரும் எங்கள் குழலைக் கேட்டதில்லை.

மாஸ்டர் வெகுநேரம் மூக்கைத் தடவினார். பிறகு, "பத்து நாள்ல எங்க மாதா திருவிழா. சப்பரம் கரைக்குப் போற அன்னைக்கு வாங்க. அதுக்குள்ள ஒரு தடவ ஒரு பாட்டை முழுசா வாசிக்க முடியுதான்னு பாக்குறேன். ஏலலைன்னா அங்கனயே எடுத்துக்கிருங்க" என்றார். எந்தப் பாட்டு என்று கடைக்காரர் கேட்கவில்லை. சிலேட்டுக் குச்சியால் மூன்று குழலில் கோடு போட்டுவிட்டு, என்னுடையதில் மட்டும் போடாமல் நிமிர்ந்தார்: "உருக்கினா இந்த மூணுல ஒவ்வொண்ணுலயும் ரெண்டு குடம் வரும். ஒடுங்கினதுல ஒரு சொம்பு தேறினாப் பெருசு."

கரைக்குப் போன சப்பரம்

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். திருவிழாவன்று சாயங்காலம் மாதா சப்பரத்தைக் கோயிலிலிருந்து கிளப்பி, ரோடு வழியாக வந்து, மணலில் இறங்கித் தண்ணீர் ஓரம் வரை தோளில் கொண்டுபோகவேண்டும். அங்கே சாமியார் வத்தைகளையெல்லாம் ஜெபம் சொல்லி மந்திரிப்பார். பதினாறு பேர் தூக்குவார்கள். எல்லாம் வலை இழுக்கிற தோள். முன்கம்பைப் பிடித்து அவர்களை நடத்துகிறவர் மிக்கேல் சம்மாட்டி. சொந்தமாக மூன்று வத்தை உள்ளவர். பேண்டுக்கு ஏற்பாடு செய்வதும் அவர்தான்.

ரோட்டில் எந்தச் சங்கடமும் இல்லை. கிளாரினெட் பாட, தொம்மை அடிக்க, நடை ராணுவம் மாதிரி போகும். மணலில் இறங்கினால்தான் ஒவ்வொரு வருசமும் வினை. கால் புதையும். வாத்தியம் ரோட்டு வேகத்திலேயே இழுக்கும். முன்னால் தூக்குகிறவன் தாளத்துக்கு ஓடுவான், பின்னால் தூக்குகிறவன் காலைப் பிடுங்க முடியாமல் நிற்பான். சப்பரம் ஆடும். முந்தின வருசம் சப்பரத்து விளக்கின் கண்ணாடிக் குளோப்பு இரண்டு விழுந்து உடைந்தது. மாதா சிலையே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று பெண்கள் வருசம் பூராவும் பேசினார்கள்.

அன்றைக்கும் அப்படியே. மணலில் இருபது அடி போயிருக்கும். முன் வலது மூலை இறங்கியது. பின்னால் ஒருத்தன் முழங்கால் போட்டான். பெண்கள் பாடிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. "நிப்பாட்டுங்கய்யா வாத்தியத்தை" என்றார் மிக்கேல் சம்மாட்டி. நிறுத்தினோம். சப்பரத்தைக் கீழே வைக்கக் கூடாது, அது வழக்கம். பதினாறு பேரும் கணுக்கால் புதைய, மூச்சு வாங்க நின்றார்கள். கூட்டத்தில் பரமக்குடிக்காரர் ஒரு சாக்கோடு நிற்பதை நான் பார்த்தேன். மாஸ்டரும் பார்த்தார்.

அவர் கிளாரினெட்டை, எங்களை ஒட்டி வந்துகொண்டிருந்த என் மகள் கையில் கொடுத்துவிட்டுப் பேஸைத் தூக்கினார். "வேணாம் மாஸ்டர், இந்த நேரத்துலயா" என்று லூர்து முனகினான். மாஸ்டர் தொம்மையைப் பார்த்து, "முன்னாடி போ. சனத்தைப் பாக்காத, உன் காலைப் பாத்து அடி" என்றார். தொம்மை மேளத்தை வயிற்றில் ஏந்திக்கொண்டு மணலில் முன்னால் போனான். மேளம் அவனைவிடக் கனம். ஒரு காலை எடுத்து வைத்தால் கெண்டைக்கால் வரைக்கும் இறங்கியது. இழுத்து எடுத்துத்தான் அடுத்த காலை வைக்கவேண்டும். வாழ்நாளில் முதல்முறையாக அவனால் அவசரப்பட முடியவில்லை. ஒரு அடி. ஒரு கால். ஒரு அடி. ஒரு கால்.

மாஸ்டர் எடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுசன் இந்தப் பாட்டைக் கட்டினது மணலில் நடந்து நடந்து. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வத்தை மேல் உட்காரவைத்து. நாங்கள் வாசித்ததெல்லாம் தார் ரோட்டிலும் வீட்டு வாசலிலும் வண்டிக்குள்ளும். வேகம் எப்படிப் பிடிபடும்? அவருக்கே அது அதுவரை தெரிந்திருக்கவில்லை என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். கண் அகலமாகிவிட்டது.

பதினாறு காலும் ஒன்றாக எழுந்தது, ஒன்றாகப் புதைந்தது. சப்பரம் நிமிர்ந்தது. மூன்று குழல் நீளமாக நிற்க, என் ஒடுங்கின குழல் எழுந்து நடக்கிற இடம் வந்தது. பின்னாலிருந்து ஏதோ முனகல் கேட்டது. பாரம் சுமக்கிறவனால் உச்சத்தில் பாட முடியாது அல்லவா, கிளாரினெட் சுருதியில் எங்கள் ஊர் ஆண்பிள்ளை ஒருத்தனும் பாடினதே இல்லை. இது வலை இழுக்கும்போது அவர்கள் அடித்தொண்டையில் போடுகிற சத்தத்தின் இடம். பதினாறு பேரும் வாயைத் திறக்காமல் கூடவே முனகிக்கொண்டு வந்தார்கள். எது குழல், எது தொண்டை என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

லூர்து, ஈனாசி, மாஸ்டர் என்று ஒவ்வொருத்தராக எழுந்து நடந்து முடித்தோம். நாலும் சேர்ந்து இறங்கினோம். தலையில் இருந்து வால் வரைக்கும். பாட்டு முடிந்தது. மாஸ்டர் குழலை உதட்டிலிருந்து எடுத்தார். தண்ணீருக்கு இன்னும் நாற்பது ஐம்பது அடி இருந்தது. முன்கம்பைத் தோளில் வைத்திருந்த மிக்கேல் சம்மாட்டி திரும்பக்கூட இல்லை. முன்னால் பார்த்தபடியே அதட்டினார்: "யாருய்யா நிப்பாட்டச் சொன்னது? இன்னும் மணல் கிடக்குல்ல, ஊதுங்க."

அன்றைக்கு முழுதாக ஒன்றும், தண்ணீரைத் தொடும்வரை இன்னொரு பாதியும் வாசித்தோம். ஒரு குளோப்புகூட உடையவில்லை. பரமக்குடிக்காரர் குழலைத் தட்டிப் பார்க்கவில்லை. திருவிழாக் கடையில் அல்வாப் பொட்டலம் வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மாஸ்டர் தண்ணீரில் போய்க் கால் மணலைக் கழுவினார், வெளியே வந்தார், மறுபடி மணல் ஒட்டியது, மறுபடி போய்க் கழுவினார். தொம்மை எங்களை விட்டுப் போகவில்லை. மறு வருசத்திலிருந்து கரையூர்த் திருவிழாக்களுக்கு "அந்த எருமைச் செட்டைக் கூட்டிட்டு வாங்க" என்று ஆள் வர ஆரம்பித்தது.

இத்தனை வருசம் ஊதியும் அந்தப் பாட்டு துக்கத்துக்கா சந்தோசத்துக்கா என்று எனக்குத் தெரியாது; அதனால் யாராவது எங்களைக் கூப்பிட வந்தால், கலியாணமா காரியமா என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் ஊரில் மணல் எத்தனை தூரம் என்றுதான் கேட்கிறேன்.